மூன்றாம் இயந்திரத்தை நிறுத்துதல்

வட்டுக்கோட்டையில் கணினி விஞ்ஞானம் தழைத்தது மின்சாரம் நின்ற பிறகுதான். தொண்ணூறாம் ஆண்டு கரண்ட் போனது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் கணினி என்ற ஒன்றை யாரும் கண்டதில்லை. ஐந்து வருடம் ஜாம்போத்தல் விளக்கில் இருந்த பிறகு பார்த்தால், ஊரில் மூன்று கணினிகள், அவற்றுக்கென்று ஒரு பீடம், பீடத்துக்கென்று ஒரு பணிப்பாளர். முன்னேற்றம் எந்த ஒழுங்கையால் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பீடத்தின் முழுப்பெயர் ‘வலிகாமம் மேற்கு அகில உலகக் கணினி விஞ்ஞானப் பீடம்’. பெயர்ப்பலகை வாசலைவிட நீளமாகப் போய்விட்டதால் அதை மதிலில் சாத்தி வைத்திருந்தார்கள். ஊரார் ‘பெட்டிக் கொம்பனி’ என்றார்கள். பணிப்பாளர் சோமசேகரம் எண்பத்துமூன்று வரைக்கும் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கணினி இருந்தது, இப்பால் அவர் இருந்தார். கதவு திறந்து மூடும்போது அவர் கற்றுக்கொண்டவைதான் பீடத்தின் பாடத்திட்டம்.

கணினிகள் தேயிலைப் பெட்டிப் பலகையால் செய்யப்பட்டவை. ஓர் ஆள் உட்காரும் உயரம். முன்பக்கம் ஒரு சின்ன யன்னல். வெளியே ஒரு மட்டையில் சோடா மூடிகளை ஒட்டி எழுத்து எழுதியிருக்கும், அது விசைப்பலகை. மாணவர் மூடிகளை அழுத்திக்கொண்டே கட்டளையை உரத்துச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் பதிலைச் சிலேட்டில் எழுதி யன்னலில் காட்டும். கணினி சூடாகக்கூடாது என்பதால் புதிய மாணவர் இருவர் பனையோலை விசிறியால் விசிறுவார்கள். தூசியும் ஆகாது. அதனால் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் எவரும் உள்ளே போகலாம். பீடத்தின் மற்ற விதிகளைப் பற்றிப் பல கருத்துகள் இருந்தன. செருப்பு விதியை மாத்திரம் ஊரே மதித்தது. வாசலைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

மூன்றாம் இயந்திரமாக வேலை பார்த்தவர் சிவக்கொழுந்து. முன்பு வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் பார்த்தவர். மீற்றர்கள் எல்லாம் ஓடாமல் நின்ற பிறகு அவருக்கும் ஓட இடமில்லை. நேர்முகப் பரீட்சையில் சோமசேகரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உமக்குச் சொந்தமா அபிப்பிராயம் ஏதும் இருக்கோ?”

“அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா.”

“நல்லது. நாளைக்கு வாரும்.”

சம்பளம் மண்ணெண்ணெயாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய் வைத்திருந்தவனுக்குப் பொம்பிளை கொடுக்கவே ஆட்கள் முன்வந்தார்கள். சிவக்கொழுந்துக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி பாலேஸ்வரி போத்தலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, வேலையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்தாள்.

இயந்திரங்களுக்கென்று சில விதிகள் இருந்தன. இயந்திரம் தானாகக் கதைக்கக்கூடாது. சிரிக்கக்கூடாது. முக்கியமாக, முறைப்படி நிறுத்தப்படாமல் பெட்டியை விட்டு எழும்பக்கூடாது. எழும்பினால் ஞாபகம் அழிந்துவிடும், மாணவர்களின் வேலை முழுவதும் நாசமாகும். குண்டு போடும் பொம்பர் விமானம் வரும்போது மாணவர்கள் பின்வளவுப் பங்கருக்குள் ஓடுவார்கள். இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் ஓடுவதில்லை. முதலில் ‘நிறுத்துக’ என்று கட்டளை கொடுக்க வேண்டும், இயந்திரம் ‘உறுதியா?’ என்று கேட்கவேண்டும், மாணவர் ‘ஓம்’ என்று உறுதிப்படுத்த வேண்டும். பொம்பர்கள் இவ்வளவு நேரம் பொறுப்பதில்லை. குண்டு விழுந்து கூரைத் தூசி கொட்டும்போது சிவக்கொழுந்து சிலேட்டைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் இருப்பார்.

குணலட்சுமி அந்தப் பெட்டியில் படித்த பிள்ளை. பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வந்தும் பல்கலைக்கழகம் போக வழியில்லாமல் இருந்தவள். மற்றவர்கள் பெட்டியோடு கதைக்கும்போது பெட்டியோடுதான் கதைப்பார்கள். அவள் மாத்திரம் “மிசின் அண்ணை” என்று கூப்பிடுவாள். யூலையில் ஒருநாள் காலை அவள் ஏதோ நீளமான வேலையில் இருந்தபோது, ஆமி அளவெட்டிப் பக்கம் வருகிறது என்று றோட்டில் சத்தம் கேட்டது.

“மிசின் அண்ணை, அளவெட்டியிலை சின்னம்மா தனிய. ஏத்திக்கொண்டு ஓடியாறன். என்ரையை நிப்பாட்டிப் போடாதேங்கோ, அரைவாசியிலை நிக்குது.”

போன அவசரத்தில் செருப்பைப் போட மறந்துவிட்டாள். சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. சின்னம்மா இரண்டு நாள் கழித்து நடந்து வந்து சேர்ந்தார். தன்னிடம் யாரும் சைக்கிளில் வரவில்லை என்றார்.

அவள் போன அன்று பின்னேரம் மாணவர் ஒருவர் வழக்கம்போல மூன்றாம் இயந்திரத்துக்கு ‘நிறுத்துக’ என்று கட்டளை கொடுத்தார். சிவக்கொழுந்து விதிகளை யோசித்துப் பார்த்தார். ஒருவர் உள்ளே வேலையில் இருக்கும்போது இன்னொருவர் நிறுத்த முடியாது. சிலேட்டில் எழுதினார்: ‘குணலட்சுமி வேலையில் இருக்கிறார். நிறுத்த முடியாது.’

சோமசேகரம் சிலேட்டை இரண்டு தரம் வாசித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“கோளாறு!” என்றார். “இவ்வளவு நாளும் எங்களைப் பெட்டி பெட்டியெண்டு பகிடி பண்ணிச்சினம். பெட்டியிலை கோளாறு வருமோ? இண்டையிலிருந்து எங்கடை பீடம் உண்மையான பீடம்.”

“ஐயா, அப்ப நான் வீட்டை போகலாமோ?” என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

“இயந்திரம் தானாக் கதைக்கக்கூடாது” என்றார் சோமசேகரம் அன்போடு.

அன்றிலிருந்து சிவக்கொழுந்து வீட்டுக்குப் போகவில்லை. ஒதுங்குவதற்கு மாத்திரம் ‘தற்காலிக இடைநிறுத்தம்’ அனுமதிக்கப்பட்டது. மற்ற இரண்டு இயந்திரங்களும் பின்னேரம் நிறுத்தப்பட்டு, சறத்தைத் தட்டிக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போயின. பாலேஸ்வரி சோற்றுப் பார்சலோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

“உங்களைக் கட்டித் தரேக்கை மனிசன் எண்டுதான் சொல்லித் தந்தவை” என்றாள்.

சிவக்கொழுந்து சிலேட்டில் ‘பொறுக்கவும்’ என்று எழுதிக் காட்டினார்.

கோளாறு திருத்தும் வேலை பெரிய அளவில் தொடங்கியது. முதலில் கட்டளையை இன்னும் உரத்துச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு மேல்வகுப்பு மாணவர் சொல்லிப் பார்த்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ ஊர்வலம் என்று நினைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். கடைசியில் யாரோ ஒருவர் பிளக்கைக் கழற்றினால் என்ன என்று கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் பிளக் இல்லை. ஆகவே முதலில் பிளக் பொருத்துவது என்று தீர்மானித்து, பனைமட்டையில் ஒன்று செதுக்கி, பெட்டியிலிருந்து சுவருக்குக் கயிறு இழுத்துக் கட்டினார்கள். கட்டி முடிந்ததும் சோமசேகரம் அதைத் தொடவேண்டாம் என்று தடுத்துவிட்டார். பலவந்தமாக நிறுத்தினால் ஞாபகம் அழிந்துவிடும் என்ற விதி அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கயிற்றில் பிறகு விசிறிகளைக் கொழுவினார்கள்.

கரவெட்டியிலிருந்து சண்முகநாதன் என்ற நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவருடைய தம்பி கனடாவில் ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்த்தார். அந்தக் கட்டடத்தில் கணினிகள் இருந்தன. நிபுணர் பெட்டியை நான்கு பக்கமும் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

“மூச்சு விடுது” என்றார்.

“விடும். நல்ல இயந்திரம்” என்றார் சோமசேகரம்.

“இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. வேலையைத் துடங்கின ஆள்தான் முடிக்கவேணும். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒரு சொல்லிலை நிண்டுபோம்.”

விசிறிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது. நிபுணர் புதியவர், அவருக்குத் தெரியாது. வாசலில் ஒரு பெண் நின்றதை அப்போதுதான் எல்லோரும் கண்டார்கள். குணலட்சுமியின் தாய் பராசக்தி. அகதி முகாம், ஆஸ்பத்திரி, செஞ்சிலுவைச் சங்கக் கந்தோர் என்று அலைந்துவிட்டுக் கடைசியாக மகள் படித்த இடத்துக்கு வந்திருந்தார். அவர் ஆட்களைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை வார் போட்ட றப்பர் செருப்பு, ஒரு பக்க வார் கறுப்பு நூலால் தைத்தது.

“செருப்பு வாசலிலை கிடக்குது” என்றார். “அப்ப பிள்ளை உள்ளைதானே இருக்கவேணும்?”

பராசக்தி தன் செருப்பை மகளின் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யன்னலில் சிலேட்டு அப்படியே இருந்தது. ‘குணலட்சுமி வேலையில் இருக்கிறார்.’ எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு பாயில் இருந்துவிட்டார்.

“சரி. முடிச்சுப்போட்டு வரட்டும்” என்றார்.

சிலேட்டை அழித்திருக்க சிவக்கொழுந்துக்கு ஒரு விரல் போதும். அவர் அழிக்கவில்லை. அதற்கு விதி காரணமில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அதன்பின் பராசக்தி தினமும் வந்தார். மகளுக்கு என்று சோறு குழைத்து உருண்டையாக்கி யன்னலால் உள்ளே கொடுப்பார். சிவக்கொழுந்து அதைச் சாப்பிட்டார். வேண்டாம் என்று எழுதினால் மகள் சாப்பிடவில்லை என்று அந்த மனுஷி துடித்துப்போவார். இரவில் பெட்டிக்குள் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, வட்டுக்கோட்டையிலேயே கேவலமான களவு என்னுடையதுதான் என்று நினைத்துக்கொள்வார்.

பீடமோ இதில் ஒரு நன்மையைக் கண்டது. செப்ரெம்பரில் பரிசளிப்பு விழா நடந்தது. முதற்பரிசு குணலட்சுமிக்கு.

“ஒரு நாள் லீவு எடுக்கேல்லை இந்தப் பிள்ளை” என்று சோமசேகரம் மேடையில் முழங்கினார். “சாப்பாட்டுக்கு எழும்பேல்லை. ஷெல் விழேக்கை ஓடேல்லை. பொம்பர் குத்தேக்கை பங்கருக்கை பதுங்கேல்லை. மாசக்கணக்கா ஒரே இருப்பு! மற்றப் பிள்ளையள் இவவைப் பாத்துப் பழகவேணும். இப்பிடி எல்லாரும் இருந்தால் எங்கடை பீடம் எங்கை போய் நிக்கும்?”

கைதட்டினார்கள். எனக்கு இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. பராசக்தி மேடைக்குப் போய்ப் பரிசை வாங்கினார். அது ஒரு கண்ணாடித் தம்ளர். அன்று பின்னேரமே அதில் தண்ணீர் கொண்டுவந்து யன்னலால் கொடுத்தார்.

ஒக்ரோபரில் ஷெல் சத்தம் மாறியது. முன்பு எங்கேயோ விழும், பிறகு யாராவது வந்து எங்கே என்று சொல்வார்கள். இப்போது சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாணவர்கள் குறைந்தார்கள். வாசலில் செருப்புகளும் குறைந்தன. கடைசி நாட்களிலும் பராசக்தியுடையதும் அந்தப் பச்சை வார்ச் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வான் வந்தது. வலிகாமத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது, எல்லோரும் உடனே பாலம் கடந்து தென்மராட்சிக்கு, சாவகச்சேரிப் பக்கம் போகவேண்டும். மழையும் பிடித்துக்கொண்டது. முதலாம், இரண்டாம் இயந்திரங்களை அவசரமாக நிறுத்தினார்கள். இரண்டும் பெட்டியிலிருந்து குதித்து ஓடின. சோமசேகரம் சோடா மூடி மட்டைகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிட்டு வந்து, மூன்றாம் இயந்திரத்தின் முன்னால் நின்றார்.

“உம்மை விட்டிட்டுப் போறதெண்டு நினையாதையும். பீடம் உம்மிலை நம்பிக்கை வைச்சிருக்குது. நிறுத்துக!”

‘குணலட்சுமி வேலையில் இருக்கிறார். நிறுத்த முடியாது.’

“பாத்தீரோ? நான் என்ன செய்யிறது? விதி எல்லாருக்கும் ஒண்டுதானே.” அவர் உழவு இயந்திரத்தில் ஏறிப் போய்விட்டார். அவரை முறைப்படி யாரும் நிறுத்தவில்லை.

பாலேஸ்வரி சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது ஒழுங்கை முழுக்கச் சனம். அவள் வாசலிலிருந்தே கத்தினாள்.

“இஞ்சருங்கோ, வாங்கோ வெளியிலை! ஊரே போகுது!”

சிவக்கொழுந்து பெட்டியை விட்டு எழும்பினார். யாரும் நிறுத்தவில்லை, தானாகவே எழும்பினார். கால் மரத்துப்போயிருந்தது. பாயில் பராசக்தி அசையாமல் இருந்தார்.

“அக்கா, எழும்புங்கோ. போகவேணும்.”

“நீங்கள் போங்கோ தம்பி. பிள்ளை உள்ளை இருக்கேக்கை நான் எப்பிடி வாறது?”

“அக்கா, பெட்டிக்குள்ளை இருந்தது நான்தான். வேறை ஒருத்தரும் இல்லை. அந்தச் சோறு… அதைத் திண்டதும் நான்தான்.”

பராசக்தி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த யன்னலைப் பார்த்தார்.

“தள்ளி நில்லும் தம்பி, மறைக்குது. செருப்பு அங்கை கிடக்குதே, காணேல்லையோ?”

பக்கத்தில் எங்கோ ஷெல் விழுந்து ஓடு சரிந்தது. சிவக்கொழுந்துக்கு அழுகை வந்தது. ஒரு மனிதனாக நின்று சொன்னால் அந்தப் பீடத்தில் எடுபடாது. அவர் திரும்பவும் பெட்டிக்குள் ஏறினார். போகும்போது பாலேஸ்வரியைப் பார்த்து, பிறகு வாசலைப் பார்த்தார். பாலேஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அவள் குனிந்து அந்தப் பச்சை வார்ச் செருப்பை எடுத்து மூட்டைக்குள் திணித்தாள்.

சிலேட்டு யன்னலுக்கு வந்தது. ‘குணலட்சுமி வேலையை முடித்தார். வெளியேறினார்.’

“எப்ப?” என்றார் பராசக்தி.

‘இப்போது.’

“எங்கை?”

சோக்கட்டி எழுதியது: ‘சாவகச்சேரி.’

பராசக்தி எழும்பி வாசலுக்குப் போனார். தன் செருப்புக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். “என்னட்டைச் சொல்லாமல் போட்டாள், பாருங்கோவன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார். சிவக்கொழுந்து ஒருவரும் வாசிக்க இல்லாத யன்னலில் ‘நிறுத்தப்பட்டது’ என்று எழுதி வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

அந்த வீதியை நான் விவரிக்கப் போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும். செம்மணி வெளியில் கால் வைக்க இடமில்லை. பராசக்தி எல்லோரையும் இடித்துக்கொண்டு, முன்னால் போகும் ஒவ்வொரு இளம்பெண்ணின் முகத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார். நாவற்குழிப் பாலத்துக்கு முன் சனம் அவரைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டது. நெரிசலில் பாலேஸ்வரியின் செருப்பு வார் அறுந்தது. சேறும் கல்லுமாக இருந்தது. மூட்டைக்குள்ளிருந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

பீடம் இரண்டு கிழமைக்குள் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் கிடுகுக் கொட்டிலில் மறுபடி இயங்கத் தொடங்கியது. பெட்டிகள் புதியவை, விதிகள் பழையவை. சிவக்கொழுந்து நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருந்ததால், முதல் அலுவலாக மூன்றாம் இயந்திரத்தின் மேல் விசாரணை நடந்தது. சிவக்கொழுந்து பெட்டிக்குள் இருந்துதான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் குற்றம் செய்தது இயந்திரம். மண்ணெண்ணெய் நிலுவையைக் கேட்கலாம் என்று பாலேஸ்வரியும் வந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாக நின்றாள்.

“குற்றச்சாட்டு இதுதான்” என்றார் சோமசேகரம். “இந்த இயந்திரம் ‘முடித்தார், வெளியேறினார்’ எண்டு பொய் சொல்லியிருக்குது. மனிசர் பொய் சொல்லலாம், அதுக்குத்தான் மனிசர். இயந்திரம் சொல்லக்கூடாது. இப்ப உண்மையைக் காட்டும். குணலட்சுமி எங்கை?”

சிவக்கொழுந்து சோக்கட்டியை எடுத்தார். அவர் உண்மையை எழுதத்தான் நினைத்தார். ‘தெரியாது’ என்பதற்குத் ‘தெ’ எழுதியும் விட்டார். அந்த நேரம் வாசலில் ஒரு சத்தம் கேட்டது. மூச்சா அழுகையா என்று தெரியாத சத்தம்.

பராசக்தி நின்றுகொண்டிருந்தார். சேலை முழங்கால் வரை சேறு. இரண்டு கிழமையாக ஒவ்வொரு பள்ளிக்கூடமாக, ஒவ்வொரு கோயில் மண்டபமாகத் தேடி வந்த கால். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பச்சை வார், ஒரு பக்கம் கறுப்பு நூல்.

பாலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வந்து சேந்திட்டாள்” என்றார் பராசக்தி. தன் செருப்பைப் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “எனக்குத் தெரியும், படிப்பை விடமாட்டாள் எண்டு.”

எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள். சிலேட்டு வர நேரமெடுத்தது. வந்தபோது அதில் ‘வேலையில் இருக்கிறார்’ என்று இருந்தது. முதலெழுத்து அழித்து எழுதியதுபோல மங்கலாக இருந்தது.

“கோளாறு திருத்தப்பட்டிட்டுது” என்று சோமசேகரம் அறிவித்தார். “விசாரணை முடிஞ்சுது.”

ஆட்கள் கலைந்தார்கள். மேற்கே ஷெல் சத்தம் கேட்டது. பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு பேர் வாக்குவாதப்பட்டுக்கொண்டு போனார்கள். பராசக்தி மடியிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். முகாமில் கொடுத்த சோறு. அதைக் குழைத்து ஓர் உருண்டையாக்கி யன்னலால் நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கியது. பராசக்தி உடனே கையை விடவில்லை. யன்னலோடு முகத்தை வைத்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத மாதிரிச் சொன்னார்.

“முழுக்கத் திண்டு போடாதையும் தம்பி. அவளுக்கும் கொஞ்சம் வையும்.”

சிவக்கொழுந்து பாதியைச் சாப்பிட்டார். மற்றப் பாதியைச் சிலேட்டின் மேல் வைத்துவிட்டு, அது காயக் காயப் பார்த்துக்கொண்டிருந்தார்.